அந்தப் பறவையை யார் கொன்றது?

நாரிச், அக்டோபர்



மகளின் பயிற்சித் தாள் இந்த வாரம் திருத்தி வந்தது. ஒரே ஒரு வினாவுக்குச் சுழியம். ஒரு மதிப்பெண் வினாதான், போனால் போகட்டும் என்று விட்டிருக்கலாம். என்னால் முடியவில்லை. அதைப் பற்றியே இந்த மடல்.

ஆங்கிலத் தாள் அது. பத்தியைப் படித்து விடை எழுது என்று நாமெல்லாம் எழுதியிருக்கிறோமே, அந்த வகை. பத்தி, கிரேட் ஆக் என்ற கடற்பறவையைப் பற்றியது. கறுப்பு முதுகு, வெள்ளை வயிறு, முக்கால் மீட்டருக்குக் குறையாத உயரம், ஐந்து கிலோ எடை. குட்டைச் சிறகு என்பதால் பறக்க வராது. நீருக்குள் இறங்கிவிட்டால் அதைப் பிடிக்க ஆளில்லை. வட அட்லாண்டிக்கின் பாறைத் தீவுகளில், கூடு கட்டாமல் வெறும் பாறைமேல், வருடத்துக்கு ஒரே ஒரு முட்டை இடும். 1844 ஜூனில் ஐஸ்லாந்தின் தென்மேற்குக் கரைக்கு அப்பால் எல்டே என்ற பாறையில் மூன்று மீனவர்கள் ஏறினார்கள். கடைசியாக இருந்த இரண்டு பறவைகளையும் கொன்றார்கள். முட்டையை ஒருவர் பூட்ஸ் காலால் மிதித்து நசுக்கினார். பத்தி அங்கே முடிகிறது. அதன் கீழே வினா: இந்த இனம் அழியக் காரணமானவர்கள் யார்? விடைக்குறிப்பில் உள்ள விடை: மூன்று மீனவர்கள்.

என் மகள் எழுதியது: 'இறகு மெத்தை வாங்கியவர்கள், காட்சிக்கு வைக்க வாங்கியவர்கள், பிறகு மீனவர்கள்.' கோடை விடுமுறையில் நூலகத்திலிருந்து எடுத்து வந்த பறவைப் புத்தகத்தில் படித்திருக்கிறாள். ஆசிரியை பக்கத்தில் பச்சை மையில் எழுதியிருந்தார்: பத்தியில் இல்லை.

இந்த விதியை உங்களுக்கு விளக்கியாக வேண்டும். இங்கிலாந்தில் ஆரம்பப் பள்ளியின் கடைசி வருடம் ஆறாம் வகுப்பு. மே மாதம் நாடு முழுவதும் ஒரே நாளில் சாட்ஸ் வாசிப்புத் தேர்வு. ஒரு மணி நேரம், மூன்று பத்திகள், 50 மதிப்பெண். அந்த மதிப்பெண்ணை 80-க்கும் 120-க்கும் இடைப்பட்ட ஓர் அளவுக்கு மாற்றி, 100 வந்தால் எதிர்பார்த்த நிலையை எட்டியாகிவிட்டது என்பார்கள். 'ஒரு சொல்லைக் கண்டெடுத்து எழுது' என்றால் ஒரு சொல்தான், அந்தச் சொல் இருக்கும் வரி முழுவதையும் எழுதிவைத்தால் பிள்ளைக்குச் சொல் தெரியவில்லை என்று பொருள். மூன்று மதிப்பெண் வினாவுக்கு இரண்டு கருத்து வேண்டும், அவற்றில் ஒன்றுக்காவது பத்தியிலிருந்து சான்று காட்ட வேண்டும். ஊகித்து எழுதச் சொல்லும் வினாவிலும் ஊகம் பத்திக்குள் கால் ஊன்றியிருக்க வேண்டும். வெளியே படித்தது, வீட்டில் கேட்டது, கண்ணால் பார்த்தது எதற்கும் இடமில்லை. செப்டம்பரில் தொடங்கி வாரந்தோறும் இதைத்தான் பழக்குகிறார்கள். ஆசிரியையிடம் கேட்டேன். நல்லவர், பொறுமையாகச் சொன்னார். மே மாதம் தாளைத் திருத்துகிறவருக்கு என் மகளைத் தெரியாது. அவர் கையில் இருப்பது பத்தியும் விடைக்குறிப்பும் மட்டும்தான் என்றார்.

எனக்கு மதுராந்தகத்துப் பள்ளியில் தமிழ் நடத்திய ஐயா நினைவுக்கு வந்தார். நயம் பாராட்டுக என்ற வினாவுக்குப் பாடத்தில் இல்லாத குறள் ஒன்றைப் பொருத்தமாக எழுதிவிட்டால், அதன் கீழே கோடு போட்டு, தாளை வகுப்புக்கே உயர்த்திக் காட்டுவார். 'எங்கேயம்மா படிச்ச?' என்று அவர் கேட்கும் கேள்விக்காகவே தேடித் தேடிப் படித்தோம். நம் தேர்வில் மனப்பாடம் அதிகம் என்று இங்குள்ளவர்கள் சொல்லும்போதெல்லாம் நான் அவரைத்தான் எடுத்துச் சொல்கிறேன். தெரிந்ததை எழுதியதற்காக அவரிடம் யாரும் மதிப்பெண் இழந்ததில்லை.

விதி ஒருபுறம் இருக்கட்டும். அந்த விடையே தவறு. எல்டேயில் ஏறியவர்களின் பெயர்கள் யோன் பிரான்ட்சன், சிகுர்தூர் ஈஸ்லெய்ஃப்சன், கெட்டில் கெட்டில்சன். இந்தப் பெயர்கள் நமக்குத் தெரியக் காரணம் ஜான் வோலி, ஆல்ஃபிரட் நியூட்டன் என்ற இரண்டு ஆங்கிலேயப் பறவை ஆய்வாளர்கள். 1858-இல் அவர்கள் ஐஸ்லாந்துக்குப் போய்க் கரையோர ஊரொன்றில் இரண்டு மாதம் காத்திருந்தார்கள். கடல் இடம் கொடுக்காததால் எல்டேயில் கால் வைக்கவே முடியவில்லை. அந்த நாட்களில்தான் படகில் போய்வந்தவர்களைத் தேடிப் பிடித்து, அன்று நடந்ததைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். மறு வருடமே வோலி இறந்துபோனார். நியூட்டன் 1861-இல் அதை அச்சிட்டார். அதில் பூட்ஸ் கால் இல்லை. கெட்டில் அந்த முட்டையைக் கையில் எடுத்தார், உடைந்திருப்பதைக் கண்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார், அவ்வளவுதான். முட்டையை மிதித்தது பின்னால் வந்தவர்கள் சேர்த்த கதை. அதைத்தான் பத்து வயதுப் பிள்ளைகள் சான்றாக எடுத்து எழுதுகிறார்கள். ஓர் ஏழை மீனவர்மேல், அவர் செய்யாத ஒன்றை, ஒவ்வொரு வருடமும் மதிப்பெண் கொடுத்து ஏற்றுகிறோம்.

அவர்கள் அந்தப் பாறைக்கு ஏன் போனார்கள்? பறவை வேண்டும் என்று வியாபாரி ஒருவர் கேட்டிருந்தார். அவரிடம் ஐரோப்பாவின் சேகரிப்பாளர்கள் கேட்டிருந்தார்கள். இனம் அருகிவிட்டது என்ற செய்தி பரவப் பரவத் தோலுக்கும் முட்டைக்கும் விலை ஏறியது. அருகிவிட்டது, அதனால் வாங்கு என்ற அந்த ஆசைதான் எல்டேயை முடித்தது. 1830-இல் கிரேட் ஆக்கின் பழைய பாறை ஒன்று எரிமலைக் கொந்தளிப்பில் கடலுக்குள் போனபோது, தப்பியவை எல்டேயில் ஒதுங்கியிருந்தன. பக்கத்தில் படகு அணைப்பதே அரிதான அந்தப் பாறைக்கும் ஆட்களை அனுப்பினார்கள். அந்தக் கடைசி இரண்டின் உள்ளுறுப்புகள் இன்றும் கோபன்ஹேகனில் குப்பிகளில் இருக்கின்றன. ஆண் பறவையின் தோல் பிரஸ்ஸல்ஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது என்று 2017-இல் மரபணு கொண்டு உறுதிசெய்தார்கள்.

இந்த நாட்டின் பங்கையும் பத்தி சொல்லவில்லை. ஸ்காட்லாந்தின் ஆர்க்னித் தீவுக்கூட்டத்தில், பாப்பா வெஸ்ட்ரே தீவில் 1812-இல் ஒரு கிரேட் ஆக்கை லண்டனில் அருங்காட்சியகம் வைத்திருந்த வில்லியம் புல்லக் ஆறு துடுப்புப் படகில் மணிக்கணக்கில் துரத்தினார், பிடிக்க முடியவில்லை. மறு வருடம் உள்ளூர்க்காரர் ஒருவர் அதைக் கொன்று அவருக்கு அனுப்பிவைத்தார். அது இப்போது இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது.

சேகரிப்பாளர்களுக்கு முன்னால் மெத்தை வியாபாரம். நியூஃபவுண்ட்லாந்துக் கரையிலிருந்து சுமார் 60 கிலோமீட்டர் தள்ளி ஃபங்க் தீவு. இந்த இனத்தின் மிகப் பெரிய குடியிருப்பு அங்கேதான் இருந்தது. 1534-இல் பிரெஞ்சுக் கடலோடி ஜாக் கார்த்தியே அங்கே வந்தபோது அரை மணி நேரத்துக்குள் இரண்டு படகுகளைப் பறவைகளால் நிரப்பிக்கொண்டார். பசித்த மாலுமிகள் தின்றதைக்கூட அந்தக் கூட்டம் தாங்கியிருக்கும் என்று நான் நினைக்கிறேன். தலையணைக்கும் மெத்தைக்கும் இறகு கொடுத்த ஈடர் வாத்து அந்தக் கரையில் குறைந்துபோன பிறகு இறகுக்காரர்கள் ஃபங்க் தீவுக்கு வந்தார்கள். கோடை முழுவதும் அங்கேயே தங்கினார்கள். கல் அடுக்கிப் பட்டி கட்டி, நடக்கத் தடுமாறும் பறவைகளை அதற்குள் ஓட்டினார்கள். அடித்துப் போட்டு, இறகு இளகக் கொதிநீரில் முக்கினார்கள். தீவில் விறகு கிடையாது. கொழுப்பு நிறைந்த பறவைகளையே அடுப்பில் எரித்து அந்த நீரைக் கொதிக்க வைத்தார்கள். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஜார்ஜ் கார்ட்ரைட் என்ற ஆங்கிலேய வியாபாரி 1785-இலேயே தன் நாட்குறிப்பில் எச்சரித்தார்: இதை நிறுத்தாவிட்டால் இந்த இனம் ஏறக்குறைய இல்லாமலே போய்விடும் என்று. யாரும் நிறுத்தவில்லை. 1800 வாக்கில் ஃபங்க் தீவில் ஒன்றுகூட இல்லை. வேட்டை பெருகுவதற்கு முன் இந்த இனம் தானாக நலிந்துகொண்டிருந்ததற்கு அறிகுறி எதுவும் இல்லை என்று எலும்புகளின் மரபணுவை ஆராய்ந்து 2019-இல் சொல்லிவிட்டார்கள். இதில் எல்டே மீனவர்கள் எங்கே வருகிறார்கள்? கடைசி வரியில்தான் வருகிறார்கள். பத்தி அந்தக் கடைசி வரியில் தொடங்கி அதிலேயே முடிந்துவிட்டது.

நியூட்டனுக்கு இது தெளிவாகத் தெரிந்திருந்தது. நான் குடியிருக்கும் இதே நாரிச் நகரத்தில், 1868-இல் பிரிட்டிஷ் அறிவியல் சங்கக் கூட்டத்தில், கூடு கட்டும் பருவத்தில் கடற்பறவைகளைச் சுடுவதைக் கண்டித்துப் பேசினார். சுடுகிறவரோடு நிறுத்தவில்லை. தொப்பியில் வெள்ளை இறகு சூடும் சீமாட்டிகளுக்கும் அந்தக் கொலையில் பங்கு உண்டு என்று முகத்துக்கு நேரே சொன்னார். அடுத்த வருடமே கடற்பறவைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. வாங்குகிறவரைக் காரணமாக எழுதிய நியூட்டனுக்கும் இந்த விடைக்குறிப்பின்படி சுழியம்தான் கிடைத்திருக்கும்.

ஆசிரியையிடம் நான் இன்னொன்றும் சொன்னேன். சொல்லும்போது எனக்குக் குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது. கார்ட்ரைட் எச்சரித்துப் பதின்மூன்று வருடம் கழித்து, 1798-இல், எங்கள் பக்கத்து வேடந்தாங்கலில் ஊர்க்காரர்கள் செங்கல்பட்டு கலெக்டர் லயோனல் பிளேஸிடம் கௌல் என்ற எழுத்துமூல உரிமை வாங்கிவிட்டார்கள். ஏரிப் பறவைகளை யாரும் சுடக்கூடாது என்று. சுட்டுக்கொண்டிருந்தவர்கள் கம்பெனிச் சிப்பாய்கள். தடுத்தவர்கள் ஏர் பிடித்தவர்கள். பறவை எச்சம் கரைந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் வயலுக்குத் தனி உரம் வேண்டாம் என்பது அவர்களுக்குத் தெரியும். நீர்க்கடம்ப மரங்களில் நத்தை குத்தி நாரையும் வக்காவும் வந்து அடையும் ஐப்பசி, கார்த்திகைக் காலத்தில், எங்கள் ஆயா ஏரிக்கரையில் சத்தம் போட்டுப் பேசவிட மாட்டார். சிவகங்கைப் பக்கம் கொள்ளுக்குடிப்பட்டியில் பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்கு வெடியே வெடிப்பதில்லை. ஃபங்க் தீவுப் பறவைகளைச் சுற்றி இப்படி ஓர் ஊர் இருந்திருந்தால் கிரேட் ஆக் இன்றைக்கும் இருக்கும் என்று நான் நம்புகிறேன். ஆசிரியை வேடந்தாங்கல் என்ற பெயரை எழுத்துக் கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டார். மதிப்பெண்ணை மாற்றவில்லை.

ஆனால் ஒரு வழி சொன்னார். வகுப்பில் பயிற்சிக்கு வைக்க, பெற்றோர் யாராவது பக்க அளவில் பத்தி எழுதிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வாராம். வேடந்தாங்கலையும் ஃபங்க் தீவையும் ஒன்றாக வைத்து நானே எழுதப் போகிறேன். பறவையை வாங்கியவர்கள், விற்றவர்கள், காத்தவர்கள் எல்லாரும் அதில் இருப்பார்கள். என் மகள்தான் வினாக்கள் எழுதுவாள். வேடந்தாங்கல், கரிக்கிலி, மதுராந்தகம் பக்கத்து வாசகர்களிடம் ஓர் உதவி கேட்கிறேன். ஊர் கௌல் வாங்கிய விவரம் வீட்டுப் பெரியவர்கள் வாய்வழியாக ஏதாவது சொல்லியிருந்தால், பழைய காகிதத்தின் நகல் யாரிடமாவது இருந்தால், இதழின் முகவரிக்கு எனக்கு எழுதுங்கள். தீபாவளிக்குள் கிடைத்தால் விடுமுறையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடுவேன்.