கயலுக்கு ஒரு ரிவர்ஸ் கேமரா

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அண்ணிக்குச் சளி விட்டுவிட்டது. அம்மாவுக்கு மழை வந்தால் முழங்கால் வலி, மற்றபடி வாய்க்கு ஒரு குறையும் இல்லை. நீ அனுப்பிய வீடியோவைத் தெரு முழுக்கக் காட்டிவிட்டாள். "என் மகள் காருக்கு முதுகிலே கண் வைத்திருக்கிறாள்" என்பதுதான் இப்போது அவள் பேச்சு.

போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய், கடைசியில் "அண்ணா, நான் இசிஇ படித்தவள்" என்று முடிப்பாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பழைய போனைப் பின் கண்ணாடியில் ஒட்டி, அதன் படத்தை வைஃபையில் முன்னால் இருக்கும் போனுக்குக் கொண்டுவந்துவிட்டாய். என் கடைப் பையன்கள் வீடியோவைப் பார்த்து அசந்து போனார்கள். அப்பாவின் ரேடியோவைப் பிரித்துவிட்டுத் திரும்ப மாட்டும்போது திருகாணியை மீதி வைத்தவள்தானே நீ. அந்தக் கை இன்னும் சும்மா இருக்கவில்லை என்பதில் எனக்குச் சந்தோஷம்தான். இனிமேல் திட்டப் போகிறேன், கேட்டுக்கொள்.

போன் கண்ணாடிக்கு உள்ளே, மேலே இருக்கிறது. எதிர்வீட்டு வேப்பமரம் வரைக்கும் படத்தில் அழகாகத் தெரிகிறது. ஆனால் உன் பம்பர் எங்கே? வண்டிக்கு ஒட்டினாற்போல் இருக்கும் தரை எங்கே? வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன், எங்குமே இல்லை. உன் குட்டி நடக்க ஆரம்பித்துவிட்டாள் என்கிறாய். அவள் தலை பின் கண்ணாடியின் அடி விளிம்புக்குக்கூட எட்டாது. நமக்குத் தெரிய வேண்டிய இடத்தை விட்டுவிட்டு மரத்தைப் பார்த்து என்ன பயன்? கேமரா வெளியே, நம்பர் பிளேட்டுக்கு மேலே இருக்க வேண்டும், தரையைப் பார்த்துக் குனிந்து இருக்க வேண்டும். திரையின் அடியில் பம்பரின் விளிம்பு கொஞ்சம் தெரிந்தால்தான் கோணம் சரி.

இன்னொன்று கவனித்தாயா? வண்டிக்கு இடது பக்கம் நிற்கும் உன் ஸ்கூட்டி திரையில் வலது பக்கம் தெரிகிறது. கேமரா பின்னால் பார்க்கிறது, நீ முன்னால் பார்க்கிறாய், அதனால் அப்படி. ரிவர்ஸுக்கென்றே வரும் கேமரா, ரியர்வியூ கண்ணாடியில் பார்ப்பதுபோல் படத்தைத் திருப்பித்தான் காட்டும். அவசரத்தில் ஸ்டீயரிங்கை எந்தப் பக்கம் ஒடிப்பாய், யோசித்துப் பார்.

இதெல்லாம் திருத்திவிடலாம். எனக்குத் தூக்கம் கெட்டது வேறு விஷயத்துக்கு. போன மாதம் ஒருவர் கடைக்குக் கார் கொண்டுவந்தார். அவரும் உன்னைப்போல் வைஃபை கேமரா வைத்திருந்தார். ரிவர்ஸ் எடுக்கும்போது படம் பாதியில் நின்றுவிட்டிருக்கிறது. திரையில் காலித் தரை. அவர் அதை நம்பிப் பின்னால் போக, சிமென்ட் தொட்டியில் இடித்து டிக்கிக் கதவு உள்ளே போய்விட்டது. திரை கறுப்பாகியிருந்தால் மனுஷன் பிரேக்கை மிதித்திருப்பார். நின்றுபோன படம் பொய் சொல்கிறது என்று யாருக்குத் தெரியும்? சரி, நிற்கவில்லை, அரை விநாடி தாமதமாகத்தான் வருகிறது என்று வைத்துக்கொள். மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் அந்த அரை விநாடிக்குள் வண்டி ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் போய்விடும். தொட்டி என்றால் பரவாயில்லை கயல். என் மடியில் உட்கார்ந்து காது குத்திக்கொண்டவள் உன் வீட்டு வாசலில்தான் விளையாடுகிறாள்.

அமெரிக்காவில் அப்பாவே ரிவர்ஸ் எடுத்த வண்டியில் மாட்டி ஒரு இரண்டு வயதுக் குழந்தை இறந்தது. அந்தக் குழந்தையின் பெயரிலேயே 2008இல் சட்டம் கொண்டுவந்தார்கள். 2018 மே முதல் அங்கே தயாராகும் புதுக் கார்கள் எல்லாவற்றுக்கும் பின் கேமரா கட்டாயம். ரிவர்ஸ் கியர் போட்டு 2 விநாடிக்குள் படம் வந்தாக வேண்டும் என்பதும் விதி. நம் ஊரில் 2019 ஜூலையிலிருந்து புதுக் கார்களுக்கு ரிவர்ஸ் சென்சாரைக் கட்டாயமாக்கினார்கள். உன் வேகன்-ஆர் அதற்கு முந்தியது, அந்தக் கீக் கீக் சத்தமும் உனக்குக் கிடையாது. நீயோ போனை எடுத்து, ஆப்பைத் திறந்து, வைஃபை சேரும்வரை காத்திருக்க வேண்டும். அவசரத்தில் ஒரு நாள் அதை விட்டுவிடுவாய்.

ஆகவே ஒயர் கேமரா. ஒயர் விட்டுப்போனால் திரை நீலமாகவோ கறுப்பாகவோ ஆகிவிடும், பழைய படத்தைக் காட்டி ஏமாற்றாது. கேமரா, சின்னத் திரை, மஞ்சள் பின் வைத்த வீடியோ ஒயர், 1 ஆம்பியர் ஃபியூஸ் எல்லாம் பார்சலில் போட்டிருக்கிறேன். வேலையை நீயே செய். நான் வந்து செய்து தருகிறேன் என்றால் உனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று தெரியும்.

பத்தாம் நம்பர் ஸ்பேனரால் பேட்டரியின் நெகட்டிவைக் கழற்றிவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும். ரிவர்ஸ் லைட்டுக்குப் போகும் ஒயரைக் கண்டுபிடிக்கும்போது மட்டும் அதைத் திரும்ப மாட்டிக்கொள். சாவியைப் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, மாப்பிள்ளையை ரிவர்ஸ் கியர் போடச் சொல்லி, டெஸ்ட் லேம்ப் வைத்துப் பார். எஞ்சின் ஓடக் கூடாது. ஒயரின் நிறத்தை நம்பாதே, வண்டிக்கு வண்டி மாறும். கேமராவின் சிவப்பை ஃபியூஸ் வழியாக அதில் கொடு, கறுப்பைப் பெயின்ட் சுரண்டிய இடத்தில் பாடியில் எர்த் செய். ரிவர்ஸ் போட்டால் மட்டும் கரண்ட் வரும், பேட்டரி இறங்காது. ஒயரை முறுக்கி டேப் சுற்றினால் போதும் என்று நினைக்காதே. சித்திரை வெயிலில் அந்தப் பசை உருகி வழிந்து டேப் தானாகக் கழன்றுவிடும். சால்டர் வைத்து ஸ்லீவ் போடு.

டிக்கிக் கதவுக்கும் பாடிக்கும் நடுவில் யானைத் தும்பிக்கைபோல் ஒரு ரப்பர் குழாய் இருக்கும். பொறுமையைச் சோதிப்பது அதுதான். இரண்டு முனையையும் பிதுக்கி எடுத்து, சைக்கிள் பிரேக்கின் உள்கம்பியை முதலில் நுழை. அதன் வாலில் வீடியோ ஒயரைக் கட்டி, கொஞ்சம் பவுடர் தடவி மெதுவாக இழு. முரட்டுத்தனமாக இழுத்தால் பழைய ஒயர்களும் சேர்ந்து அறும். கதவை முழுக்கத் திறந்து பார்த்து, ஒயர் விறைக்காத அளவுக்குத் தளர்வு விட்டுவிடு. அங்கிருந்து இடது கதவுகளின் அடியில் இருக்கும் பிளாஸ்டிக் பட்டைக்குள்ளேயே டேஷ்போர்டு வரை கொண்டுவரலாம். நம்பர் பிளேட்டில் ஓட்டை போடாதே, அதை மறைக்கவும் செய்யாதே.

திரையில் வரும் பச்சை, மஞ்சள், சிவப்புக் கோடுகள் எல்லா வண்டிக்கும் பொதுவாகப் போட்டவை. பம்பரிலிருந்து 1 மீட்டரில் செங்கல் வைத்து, அது எந்தக் கோட்டில் நிற்கிறது என்று நீயே பார்த்துக்கொள்.

கேமரா மாட்டிய பிறகும் வண்டியை ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டுத்தான் ஏற வேண்டும். நீ ரிவர்ஸ் எடுத்து முடிக்கும்வரை மாப்பிள்ளை குட்டியைத் தூக்கிக்கொண்டு உன் கண்ணில் படும்படி நிற்கட்டும். அவர் செல்போனைப் பார்த்துக்கொண்டு நின்றால் என்னிடம் சொல்.

அம்மா பார்சலில் எலுமிச்சை ஊறுகாயும் வைத்திருக்கிறாள், மூடியை நிமிர்த்திப் பிரி. அந்தப் பழைய போனை இன்றைக்கே கண்ணாடியிலிருந்து எடுத்துவிடு, வெயிலில் பேட்டரி உப்பிவிடும். ரிவர்ஸ் லைட் ஒயரில் சால்டர் வைக்கும் முன்னால் எனக்கு ஒரு போட்டோ அனுப்பு. நான் சரி என்று சொன்ன பிறகு வை.

அன்புடன்,
அண்ணன்