நாள்தோறும் செலுத்திய சுங்கம்

சென்னை மாநகரின் வடபால், கடலை ஒட்டித் திருவொற்றியூரை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையில் டோல்கேட் என்பது ஓர் இடம். சாலை வழியே வரும் வண்டிகளை நிறுத்திச் சுங்கம் வாங்கிய வாயில் ஒன்று முற்காலத்தில் அங்கு இருந்தது என்பதை அதன் பெயரே உணர்த்துகின்றது. இன்று அவ்வாயில் இல்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. 2021-ஆம் ஆண்டில் அவ்வழியே மெட்ரோ இரயில் ஓடத் தொடங்கியபொழுது, அங்கு அமைந்த நிலையத்திற்கும் அப்பெயரே வழங்கலாயிற்று. அதற்கு அடுத்த நிலையம் காலடிப்பேட்டை. 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னைக் கோட்டையில் கவர்னராக இருந்த காலெட் என்பவரின் பெயரே மக்கள் நாவில் மருவிக் காலடி ஆயிற்று. கடல் கடந்து வந்தோர் பலர் தம் சுவடுகளை விட்டுச் சென்ற பகுதி அது.

டோல்கேட்டிலிருந்து அச்சாலை வழியே தெற்கு நோக்கிச் சென்றால், தண்டையார்பேட்டையைக் கடந்து பழைய வண்ணாரப்பேட்டையை அடையலாம். இராயபுரத்தை அடுத்த அப்பகுதியில் ரெய்னி மருத்துவமனை விளங்குகின்றது. தலைமுறை தலைமுறையாக வடசென்னைப் பெண்கள் மகப்பேற்றிற்கு நாடிவரும் இடம் அது. அதற்கு வித்திட்டவர், 1888-ஆம் ஆண்டில் கடல் கடந்து வந்த ஓர் இளம்பெண். மெட்டில்டா மக்பெயில் என்பது அவர் பெயர். அப்பொழுது அவருக்கு முப்பது வயதும் நிரம்பவில்லை.

ஸ்காத்லாந்து நாட்டின் வடமேற்குக் கரைக்கு அப்பால் ஸ்கை என்னும் தீவு உண்டு. மலையும் மேடும் சதுப்பும் நிறைந்தது. குளிர்காற்றும் மழையும் ஓயாதது. மீன் பிடித்தலும், ஆடு மேய்த்தலும், சிறு நிலங்களில் பயிரிடுதலும் அங்கு வாழ்ந்தோரின் தொழில்கள். அவர்கள் வீட்டிற் பேசியது ஆங்கிலமன்று. கேலிக் என்னும் பழைய மொழியாகும். அத்தீவில் ஒரு போதகரின் மகளாக 1860-ஆம் ஆண்டில் பிறந்தவர் மக்பெயில்.

அந்நாளில் பெண்கள் மருத்துவம் கற்பதே அரிய செயலாக இருந்தது. 1869-ஆம் ஆண்டில் எடின்பரோப் பல்கலைக்கழகத்தில் சோபியா ஜெக்ஸ்-பிளேக் என்பவரும் அவருடைய தோழியரும் மருத்துவம் பயிலப் புகுந்தனர். மாணவர் சிலர் கூடிக் கூச்சலிட்டு அவர்களைத் தேர்வு மண்டபத்திற்குள் நுழையவிடாமல் தடுத்தனர்; பல்கலைக்கழகமும் இறுதியில் பட்டம் தர மறுத்துவிட்டது. ஜெக்ஸ்-பிளேக் மனந்தளரவில்லை. 1874-இல் இலண்டனில் பெண்களுக்கென்றே ஒரு மருத்துவப் பள்ளி தோன்ற அவர் முன்னின்று உழைத்தார். மக்பெயில் பயின்று தேறியது அப்பள்ளியிலேதான். அரிதிற் பெற்ற கல்வியைக் கொண்டு அவர் தம் நாட்டிலேயே பேரும் பொருளும் ஈட்டியிருக்கலாம். ஆயினும், ஸ்காத்லாந்தின் சுதந்திரத் திருச்சபை அவரை மருத்துவ ஊழியராகச் சென்னைக்கு அனுப்ப விரும்பியபொழுது, அவர் அதற்கு இசைந்தார்.

சென்னையில் பெண் மருத்துவர் ஒருவருக்கு அத்துணைத் தேவை இருந்ததா? ஆம், இருந்தது. வீட்டை விட்டு வெளிவராத கோஷாப் பெண்களும், ஆண் மருத்துவர் கைபிடித்து நாடி பார்ப்பதற்கும் நாணிய பெண்களும் எண்ணிறந்தோர். மருத்துவச்சியரின் பட்டறிவால் பல பிரசவங்கள் நலமாகவே முடிந்தன. ஆனால், குழந்தை குறுக்கே கிடந்தாலும், குருதி நில்லாது ஒழுகினாலும், பெற்றபின் ஜன்னி கண்டாலும், அவர்களால் ஆவது ஒன்றுமில்லை. கதவுக்கு வெளியே கணவன் நிற்பான். உள்ளே ஓர் உயிர் பிரியும். கணவருடன் சென்னைக்கு வந்து வாழ்ந்த மேரி ஷார்லீப் என்னும் ஆங்கில மாது இத்துயரைக் கண்டு நெஞ்சம் பொறாது, 1875-இல் சென்னை மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்து பயின்றார். 1885-இல் கோஷாப் பெண்களுக்கெனத் திருவல்லிக்கேணிப் பக்கத்தில் இன்று நிலவும் மருத்துவமனை தோன்றுவதற்கு அவரே காரணராயிருந்தார். ஆயினும், வடக்கே மீனவரும், படகோட்டிகளும், சலவைத் தொழிலாளரும், நெசவாளரும் நெருங்கி வாழ்ந்த இராயபுரப் பகுதிக்கு அது எட்டாத தொலைவு. வண்டிக்கூலி கொடுக்க வழியற்றோர் நாலைந்து மைல் சென்று மருந்து வாங்குவது எங்ஙனம்?

இத்தகைய நகரத்திற்குத்தான் மக்பெயில் வந்து சேர்ந்தார். சென்னைத் துறைமுகம் அந்நாளில் கட்டி முடிந்திருக்கவில்லை. 1881-ஆம் ஆண்டில் வீசிய புயல், கட்டிய சுவர்களையும் சிதைத்துவிட்டிருந்தது. துறைமுகத்தைப் போலவே அவருடைய பணியும் அடித்தளத்திலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. இராயபுரத்தில் அவர் தொடங்கியது சிறிய மருந்தகமே.

வேற்று நாட்டார் ஒருவர் மக்களின் உள்ளத்திற்குள் புக வேண்டுமாயின், அங்கும் ஒரு வாயில் உண்டு. அங்கும் சுங்கம் செலுத்தியே தீர வேண்டும். அச்சுங்கம் பொன்னாலும் வெள்ளியாலும் செலுத்துவதன்று. முதலாவது அம்மக்களின் மொழியைக் கற்க வேண்டும். தமிழ்நாட்டிற்கு வந்த கிறிஸ்தவத் தொண்டர்கள் இதனைத் தொடக்கத்திலேயே உணர்ந்திருந்தனர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மானியரான சீகன்பால்குவிற்கு அப்பொழுது வயது இருபத்துமூன்று. அவர் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரைத் தம் இல்லத்திலேயே பள்ளி நடத்தச் செய்து, சிறுவர்களோடு சிறுவராகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் எழுதித் தமிழ் எழுத்துகளைக் கற்றார் என்பர். கற்றுக்கொடுக்க வந்தவர் முதலிற் கற்கும் மாணவராக அமர்ந்தார்! அவருக்குப்பின் வந்தோர்க்கும் அதுவே வழியாயிற்று. மக்பெயிலின் காலத்தில், புதிதாக வருவோர் முன்ஷி எனப்படும் தமிழாசிரியரிடம் பாடங்கேட்டுத் தேர்வு எழுதுதல் திருச்சபைகளில் வழக்கமாக இருந்தது.

மருத்துவருக்கோ ஏட்டுத் தமிழ் மட்டும் போதாது. குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு எனத் தமிழர் நோவிற்கு வழங்கும் பெயர்கள் பல. ஒன்றை மற்றொன்றாகக் கொண்டால் நோய் வேறாகிவிடும், மருந்தும் வேறாகிவிடும். “மகள் முழுகாமல் இருக்கிறாள்” என்று தாய் கூறுவாள். இலக்கண நூலை மட்டும் கற்றவர், அப்பெண் குளிக்கவில்லை போலும் என்று எண்ணுவார். அவள் கருவுற்றிருக்கிறாள் என்பதை அறியார். “வீட்டிற்கு அம்மை வந்திருக்கிறாள்” என்றால், விருந்தினர் எவரோ வந்துள்ளார் என்று கருதுவார். வைசூரி கண்டிருப்பதை உணரார். இவற்றையெல்லாம் எந்த நூல் கற்பிக்கும்? நோயாளிகளின் அருகமர்ந்து, அவர்கள் வாய்மொழியைப் பொறுமையோடு கேட்டுக் கேட்டே கற்க வேண்டும். ஆதலின், மருந்து கொடுத்தவர் மருத்துவரே எனினும், மொழி கொடுத்தவர் நோயாளிகளே ஆவர்.

அக்காலத்து மிஷன் மருந்தகங்களில் ஒரு நாள் கழிந்த முறை ஏறத்தாழ ஒரே தன்மையது. விடியற்காலையிலேயே தாய்மார் இடுப்பிற் குழந்தையும் கையிற் காலிப் புட்டியுமாக வந்து தாழ்வாரத்தில் அமர்வர். முதலில் ஒருவர் வேதாகமத்திலிருந்து ஒரு பகுதியைப் படித்து விளக்குவார். பின்னர் ஒருவர்பின் ஒருவராக அழைக்கப்படுவர். கண்ணோய், சிரங்கு, காய்ச்சல், வயிற்றுக்கடுப்பு, தீப்புண் எனப் பற்பல நோய்கள் வரும். எடின்பரோவிலும் கிளாஸ்கோவிலும் பணியாற்றிய லிஸ்டர் என்னும் அறுவை மருத்துவர், கார்பாலிக் அமிலத்தாற் புண்ணைத் தூய்மை செய்யும் முறையை 1867-இல் வெளியிட்டிருந்தார். கையைக் கழுவுதல், கருவிகளைத் தூய்மை செய்தல் ஆகிய எளிய செயல்களே பல உயிர்களைக் காத்தன. வெயில் ஏறும்; கூட்டம் குறையாது. பிற்பகலில் வீடுகளுக்குச் சென்று, வெளிவர இயலாத பெண்களைப் பார்த்து வர வேண்டும். மாலையில் கடற்காற்று வீசும் வேளையில் ஓய்ந்திருக்கலாம் என்றால், தமிழ்ப் பாடம் காத்திருக்கும். நள்ளிரவில் கதவைத் தட்டி, “தாயும் பிள்ளையும் இரண்டு உயிர், அம்மா; உடனே வர வேண்டும்” என்று எவரேனும் அழைத்தால், அவ்விரவின் உறக்கமும் போயிற்று.

இத்தகைய வாழ்வில் பெருந்துன்பம் உழைப்பன்று. அயலார் என்ற எண்ணமே. புதிய மருந்தைக் கண்டு மக்கள் அஞ்சுவது இயல்பு. மற்ற வழிகளெல்லாம் அடைபட்ட பின்னரே பலர் மருத்துவரிடம் வருவர். அப்பொழுது நோய் முற்றியிருக்கும். முற்றிய நோயாளி இறந்தால், மருந்தே கொன்றது என்ற பழி எழும். மேலும், வந்தவர் வெறும் மருத்துவர் மட்டும் அல்லர். தம் சமயத்தைப் பரப்புவதும் அவர் கருத்து என்பதை ஊரார் அறிவர். அவரும் அதனை மறைக்கவில்லை. ஆளுவோரும் அவரும் ஒரே நாட்டினர் என்பதும் மக்கள் நினைவில் இருந்தது. இந்த ஐயங்களைச் சொல்லால் நீக்க இயலாது. நேற்று வந்தவர் இன்றும் இருக்கிறார், நாளையும் இருப்பார், எச்சமயத்தார் வரினும் ஒரே வகையாகப் பார்க்கிறார் என்பதைக் கண்ணாற் கண்ட பின்னரே அவை சிறிது சிறிதாக நீங்கும். சமயத்தை ஏற்றவர் சிலரே. மருந்தை ஏற்றவர் மிகப் பலர். இருவர்க்கும் கதவு ஒன்றாகவே திறந்திருந்தது.

தனிமையும் ஒரு சுங்கமே. சூயஸ் கால்வாய் 1869-இல் திறக்கப்பட்டது. பம்பாயும் சென்னையும் 1871-இல் இரயிற் பாதையால் இணைந்தன. அதனால் கடிதப் போக்குவரத்து விரைவாயிற்று என்று அந்நாளில் மகிழ்ந்தனர். அவ்விரைவு எத்தகையது? இங்கு எழுதிய கடிதம் ஊர் சேர ஏறத்தாழ மூன்று வாரம். மறுமொழி வர இன்னும் மூன்று வாரம். ‘எனக்குக் காய்ச்சல்’ என்று எழுதினால், ‘நலமா?’ என்று தாய் கேட்கும் கடிதம் வருமுன் காய்ச்சல் தீர்ந்திருக்கும்; அன்றி, வாழ்வே முடிந்திருக்கும். வீட்டில் ஒரு துயரம் நேர்ந்தாலும் அதனை அறியாமல் மூன்று வாரம் சிரித்திருக்க நேரும். பின்னர் மக்பெயிலின் உடன்பிறந்தவர் ஏர்ல் மான்டீத் மக்பெயிலும் சென்னைக்கே வந்து, கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியராகவும் பிறகு தலைவராகவும் விளங்கினார். 1923 முதல் 1925 வரை சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் இருந்தார். தொலைநாட்டில் ஓர் உறவினர் அருகிருத்தல் அவருக்குப் பெரும்பேறாக இருந்திருக்கும்.

நாள்கள் ஆண்டுகளாயின. மருந்தகம் போதாதாயிற்று. வந்து தங்கிப் பிணி தீர்த்துக்கொள்ளத் தக்க மருத்துவமனை 1914-ஆம் ஆண்டில் எழுந்தது. அத்திருச்சபையின் பெண்கள் சங்கத்திற் பெரும்பணி ஆற்றியவரும், இந்தியாவிற்கு வந்து இங்குள்ள நிலையை நேரிற் கண்டு சென்றவருமான கிறிஸ்டினா ரெய்னி என்பாரின் பெயர் அதற்குச் சூட்டப்பட்டது. இருபத்தாறு ஆண்டுகள் உழைத்தவர் தம் பெயரை அதில் எழுதிக்கொள்ளவில்லை என்பது நினைக்கத்தக்கது.

அவ்வாண்டிலேயே முதல் உலகப்போர் மூண்டது. ஸ்காத்லாந்துப் பெண் மருத்துவர்கள் அமைத்த மருத்துவமனைகளிற் சேர்ந்து, ஐரோப்பாவில் போரால் நலிந்தோர்க்கு மக்பெயிலும் தொண்டாற்றினார். வீட்டை விட்டுப் புறப்படும் தமிழர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. ‘போய் வருகிறேன்’ என்றே விடை பெறுவர். அவரும் போய் வந்தார். பிறந்த நாடு அருகிருந்தும், போர்ப்பணி முடிந்தபின் மீண்டும் சென்னைக்கே திரும்பினார். ஏறத்தாழ நாற்பது ஆண்டுப் பணிக்குப் பின்னரே ஓய்வு பெற்றுத் தாய்நாடு சென்று, 1946-இல் காலமானார்.

அவர் வாழ்ந்த காலத்திலேயே மற்றொரு மாற்றமும் நிகழ்ந்தது. 1912-ஆம் ஆண்டில் முத்துலட்சுமி அம்மையார் சென்னை மருத்துவக் கல்லூரியிற் பட்டம் பெற்றார். 1918-இல் ஐடா ஸ்கடர் அம்மையார் வேலூரில் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி தொடங்கினார். தமிழ்ப் பெண்களே தமிழ்ப் பெண்களுக்கு மருத்துவராகும் நாள் வந்தது. ‘முழுகாமல் இருக்கிறாள்’ என்ற சொல்லுக்குப் பொருள் கேட்க வேண்டாத மருத்துவர்கள் அவர்கள். அயல்நாட்டார் செய்யும் தொண்டு நிறைவடைவது, அத்தொண்டிற்கு அயல்நாட்டார் தேவையில்லை என்ற நிலை வரும்பொழுதே அன்றோ?

கடலைக் கடப்பது ஒருமுறை செய்யும் துணிவு. அதனைச் செய்தவர் பலர். வந்த வேகத்தில் திரும்பியவரும் பலர். மறுநாள் காலையில் மீண்டும் அதே தாழ்வாரத்திற்கு வந்து, அறியாத சொல்லைக் கேட்டறிந்து, ஐயுற்று நிற்பவரை முகமலர்ந்து அழைப்பதோ நாள்தோறும் செய்ய வேண்டிய துணிவு. டோல்கேட்டில் வண்டிக்காரர் ஒருமுறை சுங்கம் கட்டினால் வாயில் திறந்தது. மக்கள் உள்ளத்தின் வாயிலில் அவ்வாறன்று. அங்கே ஒவ்வொரு நாளும் செலுத்த வேண்டும். நாற்பதாண்டுக் காலம் அதனைத் தளராது செலுத்தியவர் மெட்டில்டா மக்பெயில்.