பாயில் ஓர் இடம்

என் மகளுக்கு அப்போது எட்டு வயது. வில்லியனூரில் எங்கள் தெருவில் வயலின் கற்பித்த அம்மையாரிடம் அவளைச் சேர்த்தேன். முதல் நாளே அவர், "நீங்களும் பாயில் அமருங்கள் ஐயா" என்றார். புன்னகைத்துவிட்டு நகர்ந்தேன். கற்பது அவள் கடமை, கட்டணம் என் கடமை என்பது என் கணக்கு.

வீட்டில் அவள் வில்லை இழுத்தால் பழைய கதவு திறப்பதுபோல் ஒலிக்கும். "ஒழுங்காக வாசி" என்று அதட்டுவேன். மூன்றாம் மாதத்தில் அவள் வயலினைத் தொடுவதையே நிறுத்திவிட்டாள்.

மகளுடன் ஆசிரியையிடம் சென்றேன். அவர் வில்லை என்னிடம் நீட்டினார். சம்மணமிட்டு அமர்ந்து, வயலினின் தலையை வலப்பாதத்தில் ஊன்றினேன். வீணையில் சுரம் காட்ட 24 மெட்டுகள் உண்டு. வயலினில் ஒன்றும் இல்லை. விரல் மயிரிழை விலகினாலும் சுரம் பிறழும். நான் எழுப்பிய ஒலி கேட்டு மகள் வாய்விட்டுச் சிரித்தாள்.

"லால்குடி ஜெயராமனுக்குத் தந்தையே குரு. இசையறியாப் பெற்றோருக்கு ஜப்பானியர் சினிச்சி சுசுகி ஒரு வழி காட்டினார்: குழந்தையோடு அவர்களும் பழக வேண்டும்" என்றார் ஆசிரியை.

அன்றுமுதல் மாலைதோறும் மகள் எனக்குச் சரளி வரிசை சொல்லித்தந்தாள். அதட்டல் தானாகவே நின்றது. அருமையை விரல் அறிந்தபின் வாய் எவ்வாறு அதட்டும்?

நான் இன்றும் மாயாமாளவகௌளையைத் தாண்டவில்லை. அவளோ பாகூரில் சிறுவர்களுக்குக் கற்பிக்கிறாள். ஒவ்வொரு குழந்தையின் அருகிலும் ஒரு பெரியவருக்கு இடம்விட்டே பாய் விரிக்கிறாள்.