பீரோவை நகர்த்தின கதை

போன ஆவணியில நடந்தது. சொர்ணவாரி நெல்லை அறுத்துக் களத்துல கொட்டியாச்சு. மாமல்லபுரம் பக்கமிருந்து கடற்காத்து வீசுது, மேற்கே செங்கல்பட்டு பக்கம் வானம் கறுத்துக்கிட்டு நிக்குது. கொள்முதல் நிலையத்துக்குச் சிட்டா, ஆதார், பாஸ்புக் நகல் எல்லாம் வேணும். சிட்டா இப்போ போன்லயே கிடைச்சிடுது. மக வாங்கிக் கொடுத்த பிரிண்டர்தான் "ஆஃப்லைன்"னு அடம் பிடிக்குது. திருக்கழுக்குன்றம் போய் எடுக்கலாம், ஆனா தார்ப்பாய் இழுக்க நான் ஒருத்தன்தானே?

மோடம் திண்ணைப் பக்கம் தரையில கிடக்கு, பிரிண்டர் உள்ளறையில. நடுவுல தாத்தா கட்டின ஒன்றரை அடிச் சுண்ணாம்புச் சுவர், அதை ஒட்டி இரும்பு பீரோ. மகளுக்குப் போன் போட்டேன்.

"அப்பா, நம்ம பிரிண்டருக்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும். 5-ஐ விட அது சுவரை நல்லாத் தாண்டும். ஆனா இரும்பு அலையைத் திருப்பி அடிச்சிடும். பீரோவை நகர்த்துங்க, மோடத்தை உயரத்துல வைங்க."

அது என் பொஞ்சாதி சீராக் கொண்டு வந்த பீரோ. முப்பது வருஷமா இடம் மாறினதில்ல. "ஏங்க, ஒரு காயிதத்துக்காகவா?"ன்னா. ஆனா கூடப் பிடிச்சா. ரெண்டு முழம் தள்ளி, மோடத்தைப் பரண் மேல ஏத்தினதும் சிட்டா வந்துடுச்சு.

அதுக்குள்ள தூறல். பாதி நெல்லைத்தான் மூட முடிஞ்சது. ஈரம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா நிலையத்துல எடுக்க மாட்டாங்க. ரெண்டு நாள் மறுபடி காய வச்சுத்தான் ஏத்தினேன்.

பீரோ இன்னும் அங்கேயேதான் நிக்குது. ஒரு கதவு முழுசாத் திறக்காது. சேலை எடுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு வார்த்தை விழுது.