வெளியூர்க்காரி

மாணவர்கள் நடத்திய ஒரு கூட்டத்தில் உள்ளாட்சி பற்றிப் பேசிவிட்டு மேடையிலிருந்து இறங்கினேன். கல்லூரியில் முதலாண்டு படிக்கிற ஒரு தங்கச்சி பின்னாலேயே வந்து கேட்டாள்: "அக்கா, ஊரத் திருத்தணும்னு நெனக்கிற நம்மாளு ஒருத்தர் வெளியில இருந்து போயி நின்னா ஜெயிக்க முடியுமா? ஜெயிச்சாலும் நடத்த முடியுமா?" பஸ்சுக்கு நேரமாகிவிட்டதென்று ஏதோ சொல்லி மழுப்பிவிட்டு வந்துவிட்டேன். உண்மையில் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல என்னைவிடத் தோதான ஆள் அந்தக் கூட்டத்தில் இல்லை. நான் நின்றவள். தோற்றவள். மேடையில் எல்லாவற்றையும் பேசிவிட்டு இதை மட்டும் சொல்லாமல் விடுவது என் வழக்கம். இங்கே சொல்லிவிடுகிறேன்.

2019 டிசம்பர் தேர்தலுக்கு எங்கள் ஊராட்சித் தலைவர் பதவி தலித் பெண்ணுக்கென்று ஒதுக்கப்பட்டது. ஊர்ப் பெயர் வேண்டாம். நான் எழுதிவிட்டுப் போய்விடுவேன், அங்கே இருக்கிறவர்கள் இருக்க வேண்டும். எம்.ஏ. தமிழ் படிக்க மதுரைக்குப் போனவள் அங்கேயே தங்கி, ஓர் அமைப்பில் முழுநேரமாக வேலை செய்துகொண்டிருந்தேன். கல்யாணமும் அங்கேதான். வாக்காளர் பட்டியலில் பெயர் மட்டும் ஊரில் இருந்தது. அது இருந்தால் போதும், நிற்கலாம் என்கிறது சட்டம். "நீங்க நிக்காம யாரு நிக்கிறது" என்றார்கள் தோழர்கள். எனக்கும் ஆசை இருந்தது. பொய் சொல்வானேன்.

துண்டறிக்கையை நானே எழுதினேன். சுடுகாட்டுப் பாதை, காலனிக்குக் குழாய், கிராமசபையில் எல்லோருக்கும் நாற்காலி, வரவுசெலவைச் சுவரில் எழுதிவைப்பது. இப்போது எடுத்துப் பார்த்தாலும் அதில் ஒரு வரியும் தப்பில்லை. 'அதிகாரத்தைக் கைப்பற்றுவோம்' என்று மேலே கொட்டை எழுத்தில் போட்டிருந்தேன். எங்க தெருக் கிழவி ஒருத்தி பேரனைப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "யாருட்ட இருந்து பிடுங்கப் போற தாயி? நீ பிடுங்கிட்டா எங்களுக்கு எவன் கூலி குடுப்பான்?" என்றாள். நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

என்னை எதிர்த்து நின்றது என் சின்னம்மா. அப்பாவின் தம்பி பெண்சாதி. அம்பலகாரர் வயலில் முப்பது வருஷமாக நாற்றுப் பறித்து, நட்டு, களையெடுத்தவள். கையெழுத்துப் போடத் தெரியும், வாசிக்கத் தெரியாது. ஊர் மந்தையில் கூடி, யார் நிற்பது என்று அவர்கள் முடிவு பண்ணினார்கள். மனுவில் கையெழுத்துப் போட வைத்தார்கள். கட்டவேண்டிய பணத்தையும் அவர்களே கட்டினார்கள். பூட்டு சாவி சின்னம் கிடைத்தது. "பூட்டு நம்மகிட்ட, சாவி அம்பலார்கிட்ட" என்று தெருப் பையன்கள் பாட்டாகவே பாடினார்கள். அந்தக் கேலியைத் தொடங்கிவைத்தவள் நான்.

ஒரு ராத்திரி சின்னம்மா வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை. வாசலில் குத்தவைத்து உட்கார்ந்தபடியே சொன்னாள்: "நீ ஜெயிச்சாலும் போயிருவ தாயி. தோத்தாலும் போயிருவ. நாங்க இங்கனதான கெடக்கணும்." நான் அவளுக்கு அண்ணல் அம்பேத்கரைப் பற்றி ஒரு மணிநேரம் பேசினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, முந்தானையை உதறி எழுந்து போனாள்.

2020 ஜனவரி 2ஆம் தேதி இளஞ்சிவப்புச் சீட்டுகளை எண்ணினார்கள். சின்னம்மா ஜெயித்தாள். ஊர் ஓட்டு எனக்கு விழாதென்று தெரியும். எங்கள் தெரு ஓட்டிலேயே பாதிக்குமேல் எனக்கு விழவில்லை என்பதுதான் பல நாள் தூங்கவிடவில்லை.

* * *

'வெளியூர்க்காரி' என்ற சொல்லை என்மேல் முதலில் போட்டவர்கள் ஆதிக்க சாதியார் இல்லை. எங்கள் தெருப் பொம்பளைகள்தான். பிறந்த ஊரில் நான் எப்படி வெளியூர்க்காரி ஆனேன்? பெண்ணுக்கு இது புதிதில்லை. பிறந்த வீட்டில் அவள் 'போறவ'. வாக்கப்பட்ட வீட்டில் 'வந்தவ'. தலித்துக்கும் புதிதில்லை. 'ஊருக்குள்ள போயிட்டு வர்றேன்' என்றுதான் இன்றைக்கும் காலனியில் சொல்கிறோம். எத்தனை தலைமுறை அந்த மண்ணிலேயே பிறந்து அங்கேயே புதைந்தாலும், ஊர் என்பது அவர்கள் தெரு. நாம் இருப்பது அதற்கு வெளியே. ஆக, வெளியாள் ஒருவர் தலைவராக முடியுமா என்று கேட்டால், தலித் தலைவர் எல்லோருமே வெளியாள்தான். என்னைப் போன்றவள் வெளியாளுக்கும் வெளியாள்.

1948 நவம்பர் 4ஆம் தேதி அரசியல் நிர்ணய சபையில், கிராமத்தைக் குடியரசென்று கொண்டாடியவர்களை அம்பேத்கர் முகத்துக்கு நேராக மறுத்தார். கிராமத்தை விட்டுவிட்டுத் தனிமனிதரை அலகாக எடுத்துக்கொண்டதற்காக மகிழ்வதாகச் சொன்னார். அதன்பிறகும் பஞ்சாயத்து 40ஆவது பிரிவாக உள்ளே வந்தது. 1993 ஏப்ரல் 24ஆம் தேதி நடைமுறைக்கு வந்த 73ஆவது திருத்தமும், 1994இல் வந்த தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும்தான் தலைவர் நாற்காலியில் நமக்குப் பங்கு கொடுத்தன. கொடுத்த விதத்தைப் பார்க்க வேண்டும். இடம் நமக்கு. நம்மில் யார் என்று முடிவுசெய்கிற ஓட்டு எல்லோருக்கும். 1932இல் பூனாவில் நடந்தது இதுதான். அந்த ஒப்பந்தத்திலாவது, தலித் வாக்காளர்கள் மட்டும் முதலில் ஓட்டுப்போட்டு ஓர் இடத்துக்கு நான்கு பேரைத் தேர்ந்தெடுக்கலாம் என்றொரு ஏற்பாட்டைப் பத்தாண்டுக்கு வைத்திருந்தார்கள். ஊராட்சியில் அதுவும் கிடையாது. ஊர்த் தெரு ஓட்டு அதிகமுள்ள ஊரில், தெருவில் யார் வாய் திறக்கமாட்டார்களோ அவர்களைத்தான் ஊர் தேடும். சீர்திருத்தம் பேசுகிறவர் பெயர் அந்தப் பட்டியலின் கடைசியில்கூட இருக்காது.

வாய் திறக்காத ஆளும் தலைவராக இருக்கக்கூடாது என்று ஊர் நினைத்தால் என்ன ஆகும் என்பதற்குப் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டக்கச்சியேந்தல் நான்கும் சாட்சி. 1996 முதல் பத்தாண்டுகள் அங்கே தலித் தலைவர் உட்கார முடியவில்லை. மனுவே தாக்கலாகாது. தாக்கலாகி ஜெயித்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா. 2006 அக்டோபரில்தான் அங்கே ஒழுங்காகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். அரசு முனைந்தால் நடக்கும் என்று அது காட்டியது. முனைவதற்குப் பத்து வருஷம் ஆனதென்பதையும் காட்டியது.

ஊர் வேண்டாமென்று சொல்லியும் நின்று ஜெயித்தால்? மேலவளவு முருகேசன் வெளியூர்க்காரர் இல்லை. அந்த மண்ணின் ஆள். 1996 டிசம்பர் 31ஆம் தேதி போலீஸ் காவலோடு நடந்த தேர்தலில் தலைவரானார். 1997 ஜூன் 30ஆம் தேதி மதுரையிலிருந்து பஸ்சில் திரும்பியபோது வெட்டிக் கொல்லப்பட்டார். துணைத்தலைவர் மூக்கன் உட்பட ஆறு பேர் அன்றைக்குச் செத்தார்கள். ஆயுள் தண்டனை பெற்றவர்களில் 13 பேரை 2019 நவம்பரில் அரசு முன்கூட்டியே விடுதலை செய்தது. நான் மனுத்தாக்கல் செய்வதற்குச் சரியாக ஒரு மாதம் முன்பு. எங்கள் தெருவில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது. 'நாங்க இங்கனதான கெடக்கணும்' என்று சின்னம்மா சொன்னதற்குள் இது இருந்தது. எனக்குத்தான் அன்றைக்குக் காது கேட்கவில்லை.

* * *

சின்னம்மா தலைவரானாள். அம்பலகாரர் மகன் வார்டு உறுப்பினராகி, உறுப்பினர்கள் ஓட்டில் துணைத்தலைவர் ஆனான். துணைத்தலைவர் பதவிக்கு ஒதுக்கீடு கிடையாது. ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத்தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் பணம் வரும். தலைவர் நாற்காலியை நமக்கு விட்டுக் கொடுத்தவர்கள் பேனாவில் பாதியை வைத்துக்கொண்டார்கள் என்பதை ஊராட்சியில் உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். மேடையில் பேசுகிற நாம்தான் அதிகம் பேசுவதில்லை.

ஆபீசில் சுழல் நாற்காலியில் அவன் உட்காருவான். சின்னம்மாவுக்கு ஓரத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பாதி நாள் அதுவும் இல்லை. அம்பலகாரர் வீட்டுத் திண்ணைக்குக் கீழே நின்றுகொண்டே காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போவாள். 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலித் பெண் தலைவரைத் தரையில் உட்காரவைத்த படம் வெளிவந்து நாடே பேசியபோது, நான் ஆத்திரத்தோடு ஒரு கட்டுரை எழுதினேன். அதில் பினாமித் தலைவர்களையும் ஒரு பிடி பிடித்தேன். பெயர் சொல்லாமல் சின்னம்மாவையும் எழுதினேன். 'கைநாட்டு அடிமைகள்' என்று ஒரு சொல். அவள் மகன் அதை அவளுக்கு வாசித்துக் காட்டியிருக்கிறான். "கைநாட்டா? நாந்தான் கையெழுத்துப் போடுவேனே" என்று மட்டும் சொன்னாளாம். அதைவிட அவள் என்னை அடித்திருக்கலாம்.

2022 கோடையில் ஒருநாள் இருட்டினபிறகு மதுரையில் என் வீட்டுக் கதவைத் தட்டினாள். மஞ்சப்பைக்குள் காகிதங்கள். காலனியில் குழாய் பதித்து முடித்ததாக பில். காலனியில் மண்வெட்டியே விழவில்லை. கையெழுத்துப் போடச் சொல்லி இரண்டு நாளாக நெருக்குகிறார்கள். நான் படபடவென்று பேச ஆரம்பித்தேன். புகார் எழுதலாம், பத்திரிகைக்காரர்களைக் கூப்பிடலாம், தோழர்களோடு போய் முற்றுகையிடலாம். அவள் கையமர்த்தினாள். "இதுல என்னா எழுதியிருக்குன்னு மட்டும் படிச்சுச் சொல்லு தாயி. என்ன செய்யணும்னு சொல்லாத."

படித்துச் சொன்னேன். மறுபடியும் ஒருதடவை படிக்கச் சொன்னாள். தொகையை மட்டும் மூன்று தடவை கேட்டாள். மறுநாள் முதல் பஸ்சுக்குப் போய்விட்டாள். கையெழுத்துப் போடவில்லை.

அதற்குப்பிறகு நடந்ததில் வீரக்கதை எதுவுமில்லை. துணைத்தலைவன் எந்தக் காசோலையிலும் கையெழுத்துப் போட மறுத்தான். தூய்மைப் பணியாளர்களுக்கும் தண்ணித்தொட்டி ஆபரேட்டருக்கும் சம்பளம் நின்றது. அவர்களும் நம்மாட்கள்தான். அவர்கள் சின்னம்மா வீட்டுவாசலில் வந்து கத்தினார்கள். அம்பலகாரர் வயலில் அவளுக்கு வேலை இல்லையென்று ஆனது. உறுப்பினர்கள் மனுக்கொடுத்து, 205ஆவது பிரிவின்கீழ் விளக்கம் கேட்டு அவளுக்கு நோட்டீஸ் வந்தது. தலைவரை நீக்குகிற அதிகாரம் அந்தப் பிரிவில் மாவட்ட ஆட்சியரிடம் இருக்கிறது. ஜெயித்தவரை ஓட்டுப்போட்டவர்கள் மட்டுந்தான் இறக்கமுடியும் என்று நினைத்துக்கொண்டிருக்கிற தோழர்கள் இந்தப் பிரிவை ஒருதடவை வாசித்துவிடுவது நல்லது.

பதிலை அவள் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஓரிடத்தில் நான் அழகாக ஒரு வாக்கியம் சேர்த்தேன். வாசித்துக் காட்டியதும், "இது நாஞ் சொல்லலையே" என்றாள். அடித்துவிட்டேன். கோப்பு ஆபீஸ் ஆபீசாக அலைந்தது. நீக்கமும் இல்லை, முடிவும் இல்லை. இடையில் எப்படியோ குழாய் வேலை தொடங்கியது. முதல் தெருமுனை வரை தண்ணீர் வந்தது. இரண்டாம் தெருவுக்கு வரவில்லை. 2025 ஜனவரி 5ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து தனி அலுவலர் பொறுப்புக்கு வந்தார். சின்னம்மா நூறுநாள் வேலைக்குப் போனாள். கடைசிவரை அந்தச் சுழல் நாற்காலியில் அவள் உட்காரவில்லை.

* * *

இனி அந்தத் தங்கச்சியின் கேள்விக்கு வருகிறேன். வெளியிலிருந்து வருகிறவர் ஜெயித்து நடத்தவே முடியாதென்று நான் சொல்லவில்லை. குத்தம்பாக்கம் இளங்கோ கண்முன்னே இருக்கிறார். மத்திய ஆய்வு நிறுவன வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊருக்குத் திரும்பிய தலித் பொறியாளர். 1996லும் 2001லும் தலைவராக ஜெயித்தார். தலித் குடும்பமும் தலித் அல்லாத குடும்பமும் ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொள்ளும் இரட்டை வீடுகளை அங்கே கட்டிக் காட்டினார். ஆனால் அவர் தேர்தலுக்காக ஊருக்கு வந்தவரில்லை. ஊரில் குடியிருக்க வந்தவர், தேர்தலிலும் நின்றார். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் பெரியது. குத்தம்பாக்கம் சென்னைக்குப் பக்கம் என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். கூலிக்கு ஒரே ஒரு வயலை நம்பியிருக்கிற தெருவுக்கும், பஸ் ஏறினால் வேறு வேலை கிடைக்கிற தெருவுக்கும் ஓட்டு ஒரே மாதிரி விழாது.

நான் தோற்றதற்கு அம்பலகாரர் காரணம். ஓட்டுமுறை காரணம். ஆனால் எங்கள் தெரு என்னை நம்பாததற்குக் காரணம் நான். அவர்களுடைய கூலிக்கு நான் பதில் வைத்திருக்கவில்லை. அவர்களுடைய பயத்தைக் கோழைத்தனம் என்று நினைத்தேன். சின்னம்மாவைப் பினாமி என்று எழுதினேன். அந்தப் பினாமிதான் கையெழுத்துப் போடாமல் இருந்தாள். அதற்குத் தன் கூலியை விலையாகக் கொடுத்தாள். நான் கட்டுரை எழுதியதற்கு எனக்கு ஒரு காசு நட்டமில்லை.

நம் அமைப்புகள் தேர்தலுக்குத் தேர்தல் வேட்பாளரைத் தேடுகின்றன. ஜெயித்து உட்கார்ந்திருக்கிற சின்னம்மாக்களுக்குக் காகிதத்தை வாசித்துச் சொல்ல ஆளை அனுப்புவதில்லை. கையெழுத்துப் போடாததால் கூலி நின்றுபோன குடும்பத்துக்கு ஆறு மாசத்துக்கு அரிசி கொடுக்க ஏற்பாடு இல்லை. ஆயிரக்கணக்கான ஊராட்சிகள் உள்ள தமிழ்நாட்டில் இந்த இரண்டையும் செய்யாமல் அதிகாரத்தைக் கைப்பற்றுவோம் என்று துண்டறிக்கை அடிப்பது காகிதத்துக்குக் கேடு.

போன பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, அடுத்ததடவை நான் நிற்கட்டுமா என்று சின்னம்மாவிடமே கேட்டேன். அடுப்பை ஊதிக்கொண்டிருந்தவள் நிமிராமலே சொன்னாள்: "மொதல்ல இங்க வந்து ரெண்டு வருசம் தண்ணி தூக்கு. ரெண்டாந் தெருவுக்கு இன்னம் குழா வரல."