பதினொரு மாதக் கையிருப்பு

2019-ஆம் ஆண்டில் எங்கள் நூல் வெளியான நாள் முதல், சங்கத்து அன்பர்கள் எங்களைக் காணும்போதெல்லாம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. அதை எழுதி முடிக்க எத்தனை காலம் ஆயிற்று என்பதே அது. ஆறாண்டுகள் என்று விடை சொல்லுவோம். "எவ்வளவு உழைப்பு!" என்று வியப்பார்கள். அந்த வியப்பு முழுவதையும் பெற்றுக்கொள்ள எங்களுக்கு உரிமை இல்லை. ஆறாண்டுகளில் ஏறத்தாழ இரண்டாண்டுகள் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை. நூல் பிறந்த வரலாற்றை எழுதித் தருமாறு மலர்க் குழுவினர் கேட்டபோது, எழுதாதிருந்த அந்த இரண்டாண்டுகளைப் பற்றியே எழுதுவது என்று முடிவு செய்தோம். எழுதிய நான்காண்டுகளைப் பற்றிச் சொல்லவேண்டியது நூலிலேயே இருக்கிறது.

நாங்கள் என்று எழுதுகிறோமே, அதைப் பற்றியும் ஒரு சொல். நூலின் மேலட்டையில் கணவன் மனைவி இருவர் பெயரும் உண்டு. இக்கட்டுரையில் வரும் நோய் எங்கள் இருவருள் ஒருவருக்கே வந்தது. அது யாருக்கு என்று இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை சங்க நூலகத்தில் அவரை மட்டும் நீங்கள் ஒரு மாதிரி இரக்கத்தோடு நோக்குவீர்கள். மற்றவரைத் தியாகமே உருவெடுத்தவர் என்பீர்கள். இரண்டும் எங்களுக்கு வேண்டாம்.

தில்லியின் அரசாங்கக் குடியிருப்புகளில் வாழ்ந்த தமிழ்க் குமாஸ்தாக் குடும்பங்களின் வாழ்க்கையை, அவர்கள் வாய்மொழியாகவே கேட்டு எழுதுவது எங்கள் நோக்கம். கிராண்ட் டிரங்க் விரைவு வண்டியில் ஒரு தகரப் பெட்டியும் ஒரு படுக்கைச் சுருளுமாக வந்து இறங்கியவர்கள். கரோல்பாக்கில் ஓர் அறையை நால்வராகப் பங்கிட்டுக்கொண்டவர்கள். பின்னர் லோதி காலனியிலும், அப்போது வினய் நகர் என்று பெயர் பெற்றிருந்த இன்றைய சரோஜினி நகரிலும் வீடு ஒதுக்கப்பெற்று, ஊரிலிருந்து மனைவியை அழைத்து வந்தவர்கள். 2013-இல் நாங்கள் தொடங்கியபோது இவர்களில் இளையவருக்கே எண்பது வயது. ஓராண்டு தள்ளிப்போட்டால் ஒரு வீடு மூடிக்கொள்ளும் என்ற நிலை. வீடு என்று சொன்னது உருவகமும் அன்று. 2016-இல் சரோஜினி நகர் உள்ளிட்ட ஏழு குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டுவதென மத்திய அரசு முடிவு செய்தது. நாங்கள் உட்கார்ந்து கதை கேட்ட திண்ணைகள் பல இன்று இல்லை.

இந்த வேலையின் நடுவே, 2014-ஆம் ஆண்டின் இறுதியில், எங்களில் ஒருவர் பத்தொன்பது ஆண்டுகள் பணி செய்த தனியார் நிறுவனம் கதவை மூடியது. சேர வேண்டிய தொகை பாதிதான் வந்தது. மற்றவருக்கு ஒப்பந்த ஆசிரியப் பணி. கோடை விடுமுறைக்குச் சம்பளம் கிடையாது. மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு. வாடகை வீடு. நகைகளுள் ஒரு பகுதி வங்கிக்குப் போயிற்று. இவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் பாதிக்கு மேல் இத்தகைய ஓராண்டைக் கண்டிருக்கும். ஊரில் மட்டும் சொல்லவில்லை. தில்லியில் இருப்பவர்கள் நன்றாக இருக்கிறார்கள் என்பது ஊரின் நம்பிக்கை. அந்த நம்பிக்கையைக் காப்பாற்றுவது இங்கே வந்த நாள் முதல் நம்மில் ஒவ்வொருவரும் ஊதியமின்றிச் செய்துவரும் இன்னோர் உத்தியோகம். தைப் பொங்கலுக்குப் பணம் அனுப்பினோம். எங்கிருந்து என்று கேட்காதீர்கள்.

நோய் வந்ததை நாள் குறித்துச் சொல்ல இயலவில்லை. விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்புத் தட்டும், பின்பு உறக்கமில்லை. தில்லியின் சனவரி மாத மூடுபனியில் எட்டு மணி வரை வெளிச்சமும் வராது. அந்த ஐந்து மணி நேரமும் ஒரே எண்ணம், தேய்ந்த இசைத்தட்டைப் போல. பசி குறைந்தது. காப்பியின் மணம்கூடத் தெரியவில்லை என்றபோதுதான் மற்றவருக்கு முதன்முதலாக அச்சம் பிறந்தது. ஒரு பத்தியை நான்கு முறை படித்தாலும் மனத்தில் தங்காது. பதிவு செய்து வைத்த பெரியவர்களின் குரலைக் கேட்டால் கண்ணீர் வரும். சில நாள்களில் அதுவும் வராது. அழுகை வராத நாள்களே கொடியவை.

அறிவுரைகளுக்குக் குறைவில்லை. காலையில் லோதித் தோட்டத்தில் நட என்றார் ஒருவர். மலை மந்திரில் நாற்பத்தெட்டு நாள் சுற்று என்றார் மற்றொருவர். எழுதுவதை விட்டுவிட்டு ஒரு வேலையைத் தேடினால் எல்லாம் சரியாகும் என்றார் கணக்குத் தெரிந்த நண்பர். எல்லாரும் அன்பால் சொன்னார்கள். நடந்தோம், சுற்றினோம். வேலையும் தேடினோம், ஐம்பது வயதுக்காரருக்கு வேலை தருகிறவர்கள் எத்தனை பேர்? எல்லாருக்கும் பொதுவான கருத்து, பணம் வந்தால் மனம் சரியாகிவிடும் என்பது. எங்களுக்கும் அப்போது அப்படித்தான் தோன்றியது.

இதில் முதல் விரிசலை உண்டாக்கியது ஒரு பழைய கணக்கு நோட்டு. பிப்ரவரி மாதத்து இரவு ஒன்றில், "எல்லாம் போய்விட்டது, மாதக் கடைசிக்கு ஒன்றும் இல்லை" என்று நோயுற்றவர் நூறாவது முறையாகச் சொன்னபோது, மற்றவர் ஒன்றும் பேசாமல் நோட்டை எடுத்துக் கோடு போட்டார். வரவு, செலவு, கடன், கையிருப்பு. மகளின் கட்டணம் உட்பட எல்லாவற்றையும் எழுதிக் கூட்டிக் கழித்ததில், மாதத்துக்கு 26,000 ரூபாய் துண்டு விழுந்தது. கையிருப்பு 2,86,000. வகுத்தால் 11 மாதம். நல்ல நிலை என்று யாரும் சொல்லமாட்டார்கள். ஆனால் பதினொரு மாதம் என்பது வேறு, மாதக் கடைசிக்கு ஒன்றுமில்லை என்பது வேறு. நோயுற்றவர் அந்தத் தாளை நெடுநேரம் பார்த்தார். கூட்டல் சரி என்று ஒப்புக்கொண்டார். அவரும் கணக்கில் கெட்டிக்காரரே. "சரிதான், ஆனாலும் ஒன்றும் இல்லை" என்றார். அப்போதுதான் எங்கள் இருவருக்கும் ஒருசேர ஒன்று புலப்பட்டது. பணக்கவலைக்கு ஓர் எண் உண்டு, காகிதத்தில் எழுதலாம். காகிதத்தில் எழுதிய பிறகும் எஞ்சி நிற்கும் இன்னொன்று இருக்கிறது. அது பணக்கவலையின் சட்டையைப் போட்டுக்கொண்டு எங்கள் வீட்டில் நடமாடுகிறது.

மறுவாரம் ஓர் அரசு மருத்துவமனைக்குச் சென்றோம். வரிசை நீளம், கட்டணம் ஒரு பொருட்டன்று. மருத்துவர் இளம் பெண். எங்கள் மகளைவிடப் பத்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். முப்பதாண்டுகளாக இந்தி பேசி வருகிறோம். கறிகாய்க் கடையிலும் அலுவலகத்திலும் அது போதும். நெஞ்சுக்குள் இருப்பதைச் சொல்ல இந்தியில் எங்களுக்குச் சொல் இல்லை. தமிழிலும் இந்நோய்க்கு வீட்டு வழக்கில் ஒரு சொல் இருந்ததா என்ன? அசதி என்போம், மனசு சரியில்லை என்போம், திருஷ்டி என்போம். உளச்சோர்வு என்பது புத்தகத்துச் சொல். மருத்துவர் பல கேள்விகள் கேட்டுவிட்டு, இறுதியில் மிக எளிமையாக, "மன் லக்தா ஹை?" என்றார். மனம் ஒட்டுகிறதா என்று பொருள். அக்கம்பக்கத்தில் ஆயிரம் முறை கேட்ட சாதாரணப் பேச்சு. ஒட்டவில்லை என்று சொல்லுவதற்குள் நோயுற்றவர் விம்மி அழுதார். பல வாரங்களுக்குப் பின் வந்த அழுகை அது.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் உண்டா என்றும் மருத்துவர் வெளிப்படையாகக் கேட்டார். வீட்டில் நாங்கள் கேட்கத் துணியாத கேள்வி. அப்படிக் கேட்பதால் இல்லாத எண்ணம் முளைத்துவிடாது என்றும், கேட்காமல் விடுவதில்தான் ஆபத்து என்றும் மற்றவரிடம் தனியே விளக்கினார். தைராய்டுச் சுரப்பி குறைந்தாலும் இதே அறிகுறிகள் தோன்றும் என்பதால் இரத்தப் பரிசோதனை செய்தார். அதில் குறை இல்லை. மாத்திரை எழுதினார். இரண்டு முதல் நான்கு வாரம் வரை, சிலருக்கு அதற்கு மேலும், பலன் தெரியாது. நலமானதாகத் தோன்றினாலும் தாமாக நிறுத்தக் கூடாது என்பவை அவர் அழுத்திச் சொன்னவை. எங்களுக்குப் பலன் தெரிந்தது ஐந்தாவது வாரத்தில். ஒரு காலை நோயுற்றவர், "காப்பியில் சிக்கரி அதிகம்" என்று குறை சொன்னார். அந்தக் குறையைக் கேட்டு மற்றவர் அடைந்த மகிழ்ச்சியை எழுத்தில் வடிக்க முடியாது. (மொழி தெரியாமல் தவிப்பவர்களுக்காக ஒன்று: இந்திய அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலும் பேசலாம். அக்காலத்தில் அது இல்லை.)

நோய் தணிந்தும் எழுத்து வரவில்லை. ஓராண்டுக்கு மேல் அப்படியே கழிந்தது. இடைக்காலத்தில் பிறர் எழுதிய வரலாறுகளைப் படித்தோம். ஆங்கில அகராதி செய்த சாமுவேல் ஜான்சன் எங்களுக்கு மிக நெருங்கியவர் ஆனார். 1746-இல் 1,575 பவுனுக்கு ஒப்பந்தம். உதவியாளர் கூலியும் அதற்குள்ளேயே. 1752-இல் மனைவி மறைந்தார். 1755-இல் அகராதி வெளிவந்து பெரும்புகழ் பெற்றது. மறு ஆண்டே ஆறு பவுனுக்கும் குறைந்த கடனுக்காக அவர் கைது செய்யப்பட்டார். நாவலாசிரியர் ரிச்சர்ட்சன் பணம் அனுப்பி மீட்டார். 1762-இல் அரசர் ஆண்டுக்கு 300 பவுன் ஓய்வூதியம் அளித்தார்; பணக்கவலை தீர்ந்தது. ஆனால் இளமை முதல் அவரைத் தொடர்ந்த மனநோய் தீரவில்லை. 1766-இல் அவர் கிடந்த நிலையைக் கண்டு திரேல் குடும்பத்தார் தங்கள் வீட்டுக்கே அழைத்துச் சென்று பராமரிக்க நேர்ந்தது. நம் உ. வே. சாமிநாதையரோ 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தபோது காகிதத்துக்கும் அச்சுக்கும் பட்ட பாட்டை 'என் சரித்திர'த்தில் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். கடன் உண்டு, கவலை உண்டு. இந்த நோயின் தடம் அந்நாளைய பக்கங்களில் எங்கள் கண்ணுக்குத் தென்படவில்லை. ஒருவருக்குப் பணம் வந்தும் நோய் நின்றது. மற்றவருக்குக் கடன் இருந்தும் நோய் வரவில்லை. எங்கள் கணக்கு நோட்டு சொன்னதையே இவ்விருவரும் சொன்னார்கள்.

எழுத முடியாதவர் என்ன செய்யலாம்? நூலின் இறுதியில் சேர்க்கவேண்டிய பெயரடைவைச் செய்யலாம் என்று தோன்றியது. முன்பே எழுதியிருந்த நான்கு அத்தியாயங்களுக்குச் சீட்டுத் தயாரிக்கும் வேலை அது. பழைய உறைகளைக் கிழித்து, ஒரு சீட்டில் ஒரு பெயர், அதன் கீழ்ப் பக்க எண். நாளுக்குப் பத்துச் சீட்டு. சில நாள் மூன்று. சிந்திக்கத் தேவையில்லாத வேலை என்று தொடங்கினோம். அதிலிருந்துதான் நூல் மறுபடி எழுந்தது.

இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு மூதாட்டி, 1957-இல் தம் கணவருக்கு மஞ்சள் காமாலை கண்டு மூன்று மாதம் அலுவலகம் போகாதிருந்ததைச் சொல்லியிருந்தார். நாங்களும் அவ்வாறே எழுதியிருந்தோம். 'மஞ்சள் காமாலை' என்று சீட்டு எழுதும்போது நோயுற்றவர் பேனாவைக் கீழே வைத்தார். "கீழாநெல்லி எங்கே?" என்றார். உண்மைதான். காமாலைக் கதை சொல்லும் தமிழ்ப் பெண்மணி எவரும் கீழாநெல்லியையும் மோரையும் உப்பில்லாப் பத்தியத்தையும் விட்டுவிட்டுச் சொல்லமாட்டார். இக்கதையில் சாப்பாட்டைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார் என்று மட்டும் இருந்தது.

அந்த அம்மையாரைத் தேடிச் சென்றோம். அப்போது அவருக்கு 86 வயது. மகன் வீட்டில் துவாரகாவில் இருந்தார். நாங்கள் ஒன்றும் கேட்கவில்லை. நோயுற்றவர் தம் இரண்டாண்டுகளைச் சொன்னார். மூடுபனி, மூன்று மணி, மாத்திரை எல்லாம். மூதாட்டி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அது காமாலை இல்லே. ஊருக்கு அப்படி லெட்டர் போட்டோம். அவரே சொல்லச் சொன்னார். எனக்கே அது இன்னதுன்னு இன்னைக்குத்தான் தெரியறது" என்றார். வீட்டுக் கடன் தலைக்கு மேல் இருந்த ஆண்டாம் அது. அறுபதாண்டுகள் அவர் அந்தப் பொய்யைக் காப்பாற்றியிருக்கிறார். பெயரின்றி எழுத அனுமதி கேட்டோம். "எழுதுங்கோ, இனிமே யாருக்கு என்ன?" என்றார். அந்த அம்மையார் சொன்னதும், அதன் பிறகு வேறு மூன்று வீடுகளில் நாங்கள் கேட்டதும் சேர்ந்து நூலின் ஏழாம் அத்தியாயம் ஆயின. படித்தவர்கள் பலரும் அதையே நல்ல அத்தியாயம் என்கிறார்கள்.

அச்சிடப் பணம் வேண்டுமே. பதிப்பகங்கள் வழக்கமாகத் தரும் பத்து விழுக்காடு உரிமைத்தொகை எந்தக் குடும்பத்தின் துண்டையும் அடைக்காது. எங்கள் நூலுக்கு அதுவும் கிடைப்பதாக இல்லை. ஐயரவர்கள் காலத்துக் கையொப்ப முறையையே கைக்கொண்டோம். 112 குடும்பங்கள் ஆளுக்கு 250 ரூபாய் முன்பணம் தந்தன, 28,000 சேர்ந்தது. 300 படிகளுக்கு அச்சுச் செலவு 52,000. எஞ்சியதைத் தனிப்பாடம் சொல்லிக்கொடுத்து ஈடு செய்தோம். மகள் அதற்குள் வேலைக்குப் போய்விட்டாள். நகைகளை மீட்டவள் அவள்தான்.

மாத்திரை நிற்கவில்லை, 2018-இல் மருத்துவர் அளவைப் பாதியாக்கினார். பனிக்காலம் வந்தால் இன்னும் இருவரும் காலண்டரைப் பார்த்துக்கொள்ளுகிறோம். கணக்கு நோட்டு ஒவ்வொரு மாதமும் முதல் தேதி எழுதப்படுகிறது. கட்டிலுக்கடியில் 41 படிகள் இருக்கின்றன. விலை 300 ரூபாய், சங்க நூலகத்தில் கேட்டால் எங்கள் வீட்டு முகவரி தருவார்கள்.