ஒன்பதில் ஒன்று

சென்ற வருடம் ஒரு வாரம் முழுவதும் எங்கள் பாடசாலை வாசலில் நின்று வாகனங்களை எண்ணினேன். காலை 6.50 முதல் 7.30 வரை. கையில் ஒரு பழைய கணிதக் கொப்பி. அதில் வேன், கார், லொறி, மோட்டார் சைக்கிள், முச்சக்கர வண்டி என்று நிரல்கள் போட்டிருந்தேன். ஓடுகிற வாகனங்களை விட்டுவிட்டு, நிறுத்தி வைத்திருப்பவற்றை மட்டும் எண்ணினால் போதும் என்று அரசியல் விஞ்ஞான ஆசிரியை சொல்லியிருந்தார். எண்ணிக்கை இல்லாத கடிதம் கந்தோரில் கோவைக்கு அடியில் போய்விடுமாம்.

இதற்குக் காரணம், ஆறாம் தர மாணவி ஒருத்தியின் காலில் ஏறிய வேன் சக்கரம். வேன்காரர் வேண்டுமென்று செய்யவில்லை. முன்னால் போக வழியில்லை. பக்கத்தில் ஹாட்வெயார் கடைக்குச் சீமெந்து இறக்கும் லொறி. பின்னுக்கு எடுத்தார். கண்ணாடியில் சின்னப் பிள்ளைகளின் தலை தெரிவதில்லை. அவள் ஒரு மாதம் பிளாஸ்டரோடு வந்தாள். மஞ்சள் கடவை வாசலுக்கு நேரேதான் இருக்கிறது. (இப்போது வெள்ளை நிறத்தில் அடித்திருக்கிறார்கள், ஆனாலும் நாங்கள் மஞ்சள் கடவை என்றுதான் சொல்கிறோம்.) கடவையின் இரண்டு பக்கமும் வாகனம் நின்றால் கடவை இருந்தும் பயனில்லை.

பிரதேச சபைக்கு விண்ணப்பிப்போம் என்று மாணவர் மன்றத்தில் முடிவாயிற்று. உயர்தரத்தில் அரசியல் விஞ்ஞானம் படிக்கிறவள் என்பதால் எழுதும் வேலை என்னிடம் வந்தது. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பற்றிக் கேட்டால் நான் ஒரு பக்கம் எழுதுவேன். நாட்டில் மாநகர சபை, நகர சபை, பிரதேச சபை எல்லாம் சேர்த்து 341 என்றும் சொல்வேன். ஆனால் கடிதத்தின் தலைப்பில் யாருடைய பதவியைப் போடுவது, யாருக்குப் பிரதி அனுப்புவது என்று எனக்குத் தெரியவில்லை. 2023 மார்ச்சில் சபைகளின் காலம் முடிந்த பிறகு இரண்டு வருடங்களுக்கு மேல் உறுப்பினர்களே இருக்கவில்லை. 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, புதிய தவிசாளர் வந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன. தவிசாளருக்கு எழுதி, செயலாளருக்கும் பொலிஸ் போக்குவரத்துப் பிரிவுக்கும் பிரதி போட்டோம்.

கடிதத்தில் ஒரு வரி இப்படி இருந்தது: "வாசலின் இரு பக்கமும் நாளொன்றுக்குச் சராசரியாக ஒன்பது முச்சக்கர வண்டிகள் தரித்து நிற்கின்றன."

அந்த ஒன்பதில் ஒன்று எங்கள் வாப்பாவுடையது.

எண்ணிய ஐந்து நாட்களும் வாப்பா என்னைப் பார்த்துக் கையசைத்தார். நானும் அசைத்துவிட்டு, நிரலில் ஒரு கோடு போட்டேன். என்ன எண்ணுகிறேன் என்று அவர் கேட்கவில்லை. ஏதோ பாடசாலை வேலை என்று நினைத்திருப்பார். வீட்டில் நானும் வாய் திறக்கவில்லை. நல்லபடியாக எழுதிய ஒரு கடிதத்தை வாப்பாவுக்குக் காட்டாமல் புத்தகத்துக்குள் மறைத்தது அதுதான் முதல் தடவை.

உம்மா மேசையைத் துடைக்கும்போது அது வெளியே வந்தது. வாப்பா வாசித்தார். இரண்டு தடவை வாசித்தார் என்று நினைக்கிறேன்.

"அப்ப எங்கட ஸ்டாண்ட எங்க கொண்டு போகச் சொல்றீங்க மகள்?"

பதில் சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை. உண்மையில் அதைப் பற்றி நான் யோசித்தே இருக்கவில்லை. "அப்புறப்படுத்துமாறு" என்று எழுதியிருந்தேன். குப்பைக்குப் போடும் சொல் அது.

மறுநாள் சுபஹுத் தொழுகைக்குப் பிறகு வாப்பா கொப்பியையும் பேனையையும் கேட்டார். பாடசாலை மதில், வாசல், ஹாட்வெயார் கடை, அதற்கு அப்பால் மதகு என்று படம் கீறினார். பதினெட்டு வருடமாக அந்த இடத்தில் நிற்கிறவருக்குத் தெரிந்தது எனக்கு ஐந்து நாளில் தெரிய வாய்ப்பில்லை. லொறிக்காரர் ஏழரைக்குப் பிறகு வந்தாலும் கடைக்காரருக்கு நட்டமில்லை. வேன்கள் பிள்ளைகளை இறக்கியதும் போய்விடலாம், முதலாம் மணி அடிக்கும் வரை நின்று கதைப்பதுதான் பிரச்சினை. "ஸ்டாண்ட மதகுக்கு அங்கால போடலாம். ஆனா ஹயர் குறையும்" என்றார். மழை நாளில் யாரும் அவ்வளவு தூரம் நடந்து வரமாட்டார்கள்.

கடிதத்தைத் திரும்ப எழுதினேன். "அப்புறப்படுத்துமாறு" என்பதை எடுத்துவிட்டு, "மதகுக்கு அப்பால் மாற்றிடம் ஒதுக்கித் தருமாறு" என்று போட்டேன். வாப்பாவின் படத்தையும் இணைத்தோம்.

ஏழு வாரத்தில் சபையிலிருந்து பதில் வந்தது. சிங்களத்தில். எட்டாம் தரத்தோடு படிப்பை விட்ட வாப்பாதான் சரளமாக வாசித்துச் சொன்னார். அது சபையின் வீதி இல்லையாம். ஏ, பீ வகை வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை, சீ, டீ வகை மாகாணத்துக்குரியவை, மிச்சமுள்ள சின்ன வீதிகள்தான் உள்ளூராட்சி மன்றத்துக்கு. எங்கள் வாசல் வீதி பீ வகை. தினமும் நடந்த வீதிக்கு ஓர் எழுத்து இருப்பது அன்றுதான் தெரிந்தது. ஆனாலும் சபை கடிதத்தை அப்படியே மூடி வைக்கவில்லை, மேலே அனுப்பியிருந்தது. பிறகு ஒரு நாள் தொழில்நுட்ப உத்தியோகத்தரும் போக்குவரத்துப் பொலிஸாரும் வந்து அளந்தார்கள். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடித்தவர் வாப்பா.

மூன்றாம் தவணையில் பலகை வந்தது. பாடசாலை நாட்களில் காலை 6.45 முதல் 7.45 வரையும் பகல் 1.00 முதல் 2.00 வரையும் வாகனம் நிறுத்தத் தடை. ஸ்டாண்ட் மதகுக்கு அப்பால் போயிற்று.

வாப்பாவின் கூட்டாளிகளில் ஒருவர், "பொம்புளப் புள்ளயப் படிக்க வெச்சா இப்பிடித்தான், முதல்ல வாப்பாட வயித்துலதான் அடிப்பாங்க" என்றாராம். இதை வாப்பா இரவுச் சாப்பாட்டில் சிரித்துக்கொண்டே சொன்னார். உம்மா சிரிக்கவில்லை. அந்த மாதக் கணக்கை எழுதுகிறவர் உம்மா. முன்பு காலையில் நான்கு ஹயர் ஓடிய இடத்தில் இப்போது இரண்டு, சில நாட்களில் மூன்று. நான் மேலதிக வகுப்புகளில் ஒன்றை நிறுத்திக்கொள்கிறேன் என்றேன். வாப்பா அதற்கு மட்டும் கோபப்பட்டார்.

காலையில் இப்போது கடவை முழுதாகத் தெரிகிறது. ஆறாம் தரப் பிள்ளை (இப்போது ஏழு) அதில் ஓடாமல் நடந்து வருகிறாள்.

ஆனால் பலகையில் ஒரு பிழை இருக்கிறது, அது என்னுடைய பிழை. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காக எங்களுக்கு 11.30க்கே பாடசாலை விடும். பள்ளிவாசலுக்கு வருகிறவர்களின் வாகனங்களும் அந்த நேரத்தில் வாசலருகேதான் நிற்கும். வாரத்தில் ஆகக் கூடிய நெரிசல் அன்றுதான். நமக்கு இவ்வளவு தெரிந்த விஷயத்தைக் கந்தோரிலும் தெரிந்திருப்பார்கள் என்று எண்ணி, கடிதத்தில் 1.30 என்று மட்டும் எழுதிவிட்டேன். காலையில் மட்டும் எண்ணினால் இப்படித்தான் ஆகும்.

போன மாதம் நான்கு வெள்ளிக்கிழமைகள் திரும்ப எண்ணினேன், 11.15 முதல் 12.00 வரை. முச்சக்கர வண்டி நிரலில் நான்கு நாளும் பூச்சியம். இரண்டாவது கடிதத்தை வீதி அபிவிருத்தி அதிகார சபைக்கே பதிவுத் தபாலில் அனுப்பி, சபைக்கும் பிரதி போட்டோம். பதில் இன்னும் வரவில்லை. தபால் கந்தோரில் தந்த துண்டை வாப்பா தன் லைசன்ஸ் உறைக்குள் வைத்திருக்கிறார்.